எதிர்மேசைக் கமலாம்பிகை அக்கா

கமலாம்பிகை அக்கா காலமான செய்தியை அவரது மூத்த மகள் சுகந்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசியில் சொன்னார். நான் வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா விடியக்காத்தால ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டா" என்றார். கண்ணீர் வருவதற்கு முன்பே என் வாயில் ஒரு கேள்வி வந்துவிட்டது. வேறு யார் யாருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். எனக்கு முன்னால் ஏழு பேருக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஏழு பேர் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டபோது தயங்கியதும் அதனால்தான். பதின்மூன்று ஆண்டுகள் அக்காவுக்கு எதிர்மேசையில் இருந்தவன் நான். அதில் பெரும்பகுதியை அவர்மேல் பொறாமைப்பட்டே கழித்தேன். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால், அது வேறு யாரையோ பற்றிய கட்டுரையாகிவிடும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுப்பகுதியில் லண்டனின் கோலியர்ஸ் வுட் பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தின் பக்க அறையில் சனிக்கிழமைகளில் எங்கள் ஆலோசனை மையம் இயங்கியது. நாட்டில் நடந்த போருக்குத் தப்பி ஓடி வந்த சனங்கள் அங்கே வருவார்கள். வருமானம் குறைந்தவர்களின் வீட்டு வாடகைக்கு இந்நாட்டு அரசு கவுன்சில் என்ற உள்ளூராட்சி மன்றத்தின் மூலமாக உதவுகிறது. ஹவுசிங் பெனிபிட் என்பார்கள். அதற்கான படிவம் ஒரு சிறு புத்தகம் அளவு இருக்கும். ஒரு கட்டம் பிழையானாலும் கடிதம் திரும்பி வரும். அதற்குள் வாடகை நின்றுவிடும், வீட்டுக்காரன் நோட்டீஸ் தருவான், பிறகு தெருதான்.

அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான். எழுபதுகளில் சட்டம் படிக்க வந்து, கடைசிப் பரீட்சையில் தேறாமல், ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். சனங்கள் என்னை "லோயர்" என்றார்கள். நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

அக்கா முதலில் என்னிடம் உதவி கேட்டுத்தான் வந்தார். கணவரை நாட்டில் பறிகொடுத்தவர். வீட்டுக்காரன் சூட்கேசுகளை நடைபாதையில் தூக்கி வைத்துவிட, இரண்டு பெண் பிள்ளைகளோடு கவுன்சில் கொடுத்த ஒரு விடுதி அறையில் இருந்தார். நான் படிவத்தை நிரப்பினேன். மற்றவர்கள் கையெழுத்திடும் இடத்தை மட்டும் பார்ப்பார்கள். அவரோ ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தக் கேள்வியை ஏன் கேக்கிறாங்கள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. அது அப்படித்தான் என்றேன்.

வீடு கிடைத்ததும் நன்றி சொல்ல வந்தவர், கோப்பைகளைக் கழுவிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். வார நாட்களில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஊரில் சங்கக்கடையில் கூப்பனுக்குச் சாமான் கொடுத்தவர் என்பதால் வரிசையில் நிற்பவரின் முகம் அவருக்குத் தெரியும். எனக்கு எதிரே காலியாகக் கிடந்த இரண்டாவது மேசையை அவருக்கு யாரும் ஒதுக்கவில்லை. ஒருநாள் எனக்குக் காய்ச்சல், அன்றைக்கு அதில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் நான் போனபோது என் மேசை முன் இரண்டு பேர் இருந்தார்கள். அவருடைய வரிசை கதவுக்கு வெளியே நின்றது.

என் கையெழுத்து அழகானது. என் ஆங்கிலம் சுத்தமானது. அவர் ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்து எழுதுவார். ஆனாலும் சனங்கள் அங்கேதான் போனார்கள். நான் பத்திரிகை வாசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நிர்வாகக் குழுக் கூட்டத்தில் நானே பேச்சை எடுத்தேன். தகுதி இல்லாதவர்கள் படிவம் நிரப்பினால் நாளைக்குச் சட்டச் சிக்கல் வரும் என்றேன். அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. குழு ஒப்புக்கொண்டது. தலைவர் அறிவித்தபோது அக்கா "ஓம், சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்த் தேநீருக்குக் கேத்திலை வைத்தார். வரிசை முழுவதும் என் பக்கம் வந்தது. எனக்கு அது ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது வாரம் பத்மா என்ற இளம் தாய் நீதிமன்றக் கடிதத்தோடு வந்தார். பல மாத வாடகை நிலுவை. பழைய பெனிபிட் முடிந்து, புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களுக்கு அவர் பதில் போடவில்லை. இனி விண்ணப்பித்தாலும் இனிவரும் வாரங்களுக்குத்தான் கிடைக்கும், போன மாதங்களுக்குக் கிடைக்காது என்று நான் விளக்கினேன். தகுந்த காரணம் இருந்தால் பின்னோக்கியும் கொடுப்பார்கள் என்ற விதியும் எனக்குத் தெரியும். ஆனால் இவரிடம் காரணம் ஒன்றும் இல்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அவர் தண்ணீர் கேட்டு, அக்கா இருந்த குசினிக்குப் போனார்.

சற்று நேரத்தில் அக்கா வந்து என் மேசை அருகே நின்றார். உட்காரவில்லை.

"தம்பி, அந்தப் பிள்ளை கடிதங்களை ஏன் உடைக்கேல்லை எண்டு கேட்டனீங்களோ?"

நான் கேட்கவில்லை.

பத்மாவின் கணவர் மனநிலை குழம்பி ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அரசாங்கத்தின் மண்ணிறக் கடித உறை எது வந்தாலும் அது நாடு கடத்தும் கட்டளை என்று பயந்து, பத்மா எல்லாவற்றையும் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. அக்கா அதைச் சொல்லிவிட்டு, "நான் சொல்லுறன், நீங்கள் எழுதுங்கோ. இதுக்கு உங்கட இங்கிலீஷ் வேணும்" என்றார். எழுதினேன். அவர் நின்றபடியே சொன்னார். உடைக்காத உறைகளையும் ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னதும் அவர்தான்.

கவுன்சில் ஏற்றுக்கொண்டது. நிலுவை தீர்ந்தது, வழக்கும் நின்றது. பத்மா வந்து அக்காவின் கையைப் பிடித்து அழுதார். அக்கா என்னைக் காட்டி, "அவர்தான் எழுதினவர், அவருக்குச் சொல்லு" என்றார். பத்மா என்னிடம் வந்து நன்றி சொன்னார். அதை அக்கா எனக்குக் கொடுத்தார் என்பதே என்னைச் சுட்டது. திறமையில் அவர் என்னை முந்தியதைப் பொறுத்துக்கொள்ளலாம். பெருந்தன்மையிலும் முந்துகிறாரே என்றிருந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் மறுபடி மேசைக்கு வரட்டும் என்று நானே சொன்னேன். அதைக்கூட நல்ல மனதோடு சொன்னதாக இப்போது எழுத முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த அலுவலகம் மூடப்பட்டது. வாடகை தவறியது. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பியவன், எனக்கு ஒன்று தேவைப்பட்டபோது அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடிவைத்தேன். வீட்டுக்காரரின் நோட்டீஸ் வந்த பிறகுதான், தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஒரு புதன்கிழமை பார்த்து, கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு முதியவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த அக்கா என்னைக் கண்டுவிட்டார். ஆருக்காக வந்தீர்கள் என்று கேட்பார், பொய் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். படிவத்தைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, வேலை நின்ற தேதியை நான் எழுதாமல் விட்டிருந்த கட்டத்தில் விரலை வைத்தார். வெட்கத்தில் விட்ட கட்டம் அது.

அப்போதுதான், அந்த நாற்காலிகளில் இருந்தபடி, கூட்டத்தில் பேச்சை எடுத்தவன் நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றார். "வேற ஆருக்கு அந்த நினைப்பு வரும்?"

நான் பேனாவை எடுத்து, விட்டிருந்த தேதியை எழுதினேன். எழுதி முடித்ததும் அவரே சொன்னார்.

"எனக்கும் உங்களில எரிச்சல்தான் தம்பி. நான் கதைச்சால் உந்தக் கவுண்டரில திருப்பிச் சொல்லு எண்டுவாங்கள். நீங்கள் கதைச்சால் 'யெஸ் சேர்' எண்டுவாங்கள். வீட்டை போய் உங்களை மாதிரிக் கதைச்சுப் பாக்கிறனான். ஏலாது."

எங்கள் இலக்கம் அழைக்கப்படும்வரை இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பெனிபிட் கிடைத்து, என் வீடு என்னிடமே இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் சுகமாக இருக்கிறாரா என்று பார்க்காமல் நான் எந்தச் சனிக்கிழமையும் உட்கார்ந்ததில்லை.

தகனச் சாலையில் இடம் போதவில்லை. என்னுடைய நாளில் இதில் கால்வாசிப் பேராவது வருவார்களா என்று நினைத்தபடி வாசலில் நின்றேன். அப்போது கறுப்புத் தொப்பி அணிந்த ஒரு கரீபியன் பெண்மணி வந்து, இறுதிச் சடங்கு இதுதானா என்று விசாரித்தார். கவுன்சிலில் பெனிபிட் கோப்புகளைப் பார்ப்பவராம். பத்து ஆண்டுகளாக அக்காவோடு தொலைபேசியில் வாதாடியவர், நேரில் கண்டதே இல்லையாம். முதல் அழைப்பில் தான் அவருடைய பெயரைச் சரியாகச் சொல்லும்வரை அக்கா விஷயத்தைத் தொடங்கவே இல்லை என்றார். பிறகு பெட்டியருகே போய், எல்லோருக்கும் கேட்கும்படி, ஓர் எழுத்தும் சிதையாமல், "கமலாம்பிகை" என்று அழைத்துத் தலை குனிந்தார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் இந்நாட்டவர்களுக்கு வசதியாக என் பெயரைப் பாலா என்று வெட்டிக் கொடுத்திருக்கிறேன். பாலசுப்பிரமணியம் என்று எந்தக் கவுண்டரிலும் ஒருவரும் என்னை அழைத்ததில்லை.

போய் வாருங்கள் அக்கா. இதிலும் உங்கள்மேல் எனக்குப் பொறாமைதான்.