இரண்டு நாட்டிலும் கிடைக்கும் படம்

லால்பேட்டையில் ஷஹனாஸின் வீட்டுக் கதவை வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு யாரும் தட்ட மாட்டார்கள். கணக்கு டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. மாமியார் ரஹ்மத் பீவி அடுத்த தெருவிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விடுவார். பத்து வயது நௌஷீனும் கூடப் போய்விடுவாள். குவைத்தில் அப்போது மணி இரண்டு. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்தபடி அஷ்பாக் போன் செய்வான். அவள் இங்கே டிவியிலும் அவன் அங்கே டேப்லெட்டிலுமாக ஒரே படத்தை ஒரே நொடியில் ஓடவிடுவார்கள். போன் காதிலேயே இருக்கும்.

கொரோனா வந்த வருடம் தொடங்கிய பழக்கம் இது. விமானம் இல்லை, லீவு இல்லை. தினமும் பேசினார்கள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், பாப்பா என்ன பண்றா, தூங்குறா. அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் வரவில்லை. கல்யாணமான புதிதில் அவன் ஊரில் இருந்தது நாலு மாதம். அதன்பின் வந்த விடுமுறைகளையும் சேர்த்தால் மொத்தம் பதினைந்து மாதம். ஷஹனாஸ் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவள். இந்தக் கூட்டலை அவள் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறாள்.

ஒருநாள் அஷ்பாக்தான், "ஒரு படம் சேந்து பாப்பமா?" என்றான்.

முதல் படத்துக்கு, "பிஸ்மில்லா சொல்லி அமுக்கு" என்றான்.

"காதல் படத்துக்குப் போயி பிஸ்மில்லாவா மச்சான்? பாவம் ஜாஸ்தியாயிடும். ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுங்க, போதும்."

படம் தேடுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. இங்கே வந்திருக்கும் தமிழ்ப் படம் அங்கே இருக்காது. அங்கே இருப்பது இங்கே இருக்காது. இரண்டு நாட்டிலும் ஒன்றாகக் கிடைப்பவை பெரும்பாலும் அவர்கள் பணம் கட்டியிருந்த பட ஆப்பின் கம்பெனியே எடுத்து வெளியிடும் வெளிநாட்டுக் காதல் படங்கள். தமிழில் பேச வைத்திருப்பார்கள். பனி கொட்டும் ஒரு சின்ன ஊர். அதில் கேக் கடை வைத்திருக்கும் ஒரு பெண். பட்டணத்திலிருந்து வரும் பணக்காரன். முதலில் சண்டை, பிறகு மழை. ஒரு பொய் வெளியே வந்ததும் இருவரும் அழுவார்கள். ஒருவர் விமானம் ஏறப் போவார், மற்றவர் ஓடிப்போய்த் தடுப்பார்.

அஷ்பாக் அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவான். "போர்டிங் பாஸ் இல்லாம எப்புடிடா உள்ள போன? பெல்ட்ட கழட்டு, ஷூவ கழட்டுன்னு ஒருத்தனும் கேக்கலியா?"

"அவன் ஹீரோ மச்சான்."

"ஹீரோவா இருந்தா? நான் பன்னெண்டு வருசமா போறேன் வரேன். ஒரு தண்ணி பாட்டில உள்ள வுடுறானா?"

ஷஹனாஸ் சிரிப்பாள். அவள் சிரிப்பதைக் கேட்டு அவனும் சிரிப்பான். கதாநாயகி அணிந்திருக்கும் சட்டை, காப்பியைக் குடிக்காமலே எழுந்து போவது, 'என் இதயத்தின் வெளிச்சமே' என்று பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவன் பேசுவது என்று எல்லாவற்றையும் திட்டுவார்கள். திட்டும்போது பேச்சு வேறு பக்கம் போகும். அந்தக் கதாநாயகன் மாதிரியே மூக்கு உள்ள மேஸ்திரி, கிடங்கில் விழுந்து காலை உடைத்துக்கொண்ட கேரளாக்காரர், அறைவாசி சமைத்த உப்பில்லாத சோறு என்று அவன் வாழ்க்கையை அவள் தெரிந்துகொண்டது இந்தப் படங்களுக்கு நடுவில்தான். தனக்கு இரத்த அழுத்தம் இருப்பதைக்கூட ஒரு கல்யாணக் காட்சியின்போதுதான் சொன்னான். முத்தக் காட்சி வந்தால் மட்டும் இருவரும் பேச மாட்டார்கள்.

ஒரே ஒரு தடவை நல்ல படம் ஒன்று மாட்டிவிட்டது. வயதான தம்பதி பற்றியது. இரண்டு மணி நேரம் இருவரும் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் அவன், "நல்லாருந்துது, என்னா?" என்றான். "ம், நல்லாருந்துது" என்றாள். "சரி, வெக்கிறேன்." அந்த வாரம் முழுக்க ஷஹனாஸுக்கு எதையோ தொலைத்ததுபோல் இருந்தது. அதன்பிறகு அவள் வியாழக்கிழமையே படங்களை எடுத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பாள். நன்றாக இருந்தால் விட்டுவிடுவாள். போன வாரத்தைவிட மோசமாக இருந்தால்தான் எடுத்து வைப்பாள்.

ரஹ்மத் பீவிக்கு இது விளங்கவில்லை. "புடிக்காத படத்த எதுக்குடி பாக்குறீங்க? காசு குடுத்து வயித்தெரிச்சல வாங்குறீங்களே" என்பார்.

போன வருடம் ரமலானின்போது அஷ்பாக், "அடுத்த தடவ வந்தா இங்க வேலய முடிச்சிட்டே வந்துடுறேன் ஷஹனா" என்றான். படம் எதுவும் ஓடாத நேரத்தில் சொன்னதால் அவள் அதை நம்பினாள்.

அவளுடைய தம்பி முஹம்மது ஆசிக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இரு சக்கர வண்டிகளுக்கான உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். அஷ்பாக்கும் குவைத்தில் உதிரிபாகக் கிடங்கில்தான் வேலை. "மச்சானுக்குத் தெரிஞ்ச வேலதானக்கா. சிதம்பரத்துல ஒண்ணு போடுவோம். அவுங்க பாத்துக்கட்டும்" என்று ஆசிக் சொன்னான். ஜூன் மாதம் அக்காவும் தம்பியும் பேருந்தில் போய்த் தெற்கு வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் இடம் பார்த்தார்கள். முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்தது. உரிமையாளர் வைத்திலிங்கம் ஷட்டரைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க வீட்டுக்காரரு வந்து பாக்கட்டும்மா. அதுவரைக்கும் யாருக்கும் வுடல."

ஷஹனாஸ் உள்ளே நின்று, எந்தச் சுவரில் அடுக்கு வரும், அவன் எங்கே உட்கார்ந்தால் தெரு வெயில் படாது என்று பார்த்தாள். இரவு எட்டு மணிக்குக் கடையை மூடினால் ஒன்பதரைக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். தினமும் வந்துவிடலாம். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஜூலை முதல் வாரம் அஷ்பாக் வந்தான். நாற்பத்தைந்து நாள் லீவு. "லீவுதானா?" என்று கேட்டாள். "வந்துட்டேன்ல, பேசிக்கலாம்" என்றான்.

முதல் இரண்டு வாரம் விருந்துகளில் போயிற்று. அவன் சொந்த வீட்டில் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போய் எடுக்கத் தயங்கினான்; டம்ளர் எங்கே இருக்கிறது என்று நௌஷீனிடம் மெதுவாகக் கேட்டான். கடையைப் போய்ப் பார்த்தான். அகலத்தைக் காலடியால் அளந்தான். வைத்திலிங்கத்திடம் மரியாதையாகப் பேசினான். பேருந்தில் திரும்பும்போது அவள் கேட்டதற்கு, "நல்ல எடந்தான்" என்றான். காட்டுமன்னார்கோயில் வரை வேறு எதுவும் சொல்லவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மாமியாரும் நௌஷீனும் வழக்கம்போலக் கிளம்பினார்கள். ஷஹனாஸ் முந்தின நாளே படம் பார்த்து வைத்திருந்தாள். திராட்சைத் தோட்டம், மறதி வியாதி, இரட்டைச் சகோதரிகள். இதைவிட மோசமான படம் கிடைக்காது. இருவரும் ஹாலில் கட்டிலில் அருகருகே உட்கார்ந்தார்கள். போன் வேண்டியிருக்கவில்லை.

பத்து நிமிடம் போயிற்று. "இவளுக்கு மறதின்னா, லிப்ஸ்டிக் போட மட்டும் எப்புடி ஞாபகம் வருது?" என்றாள் ஷஹனாஸ்.

"ம்" என்றான் அவன்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்தான். அந்த முகத்தில் நரைத்த தாடி, கண்ணுக்குக் கீழே கருமை. அவளுக்குத் தெரிந்த குரலை அந்த முகத்தோடு சேர்க்க முடியவில்லை. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவள் பேசும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு, பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவன்போல் இருந்தான். அரை மணி நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். அவள் டீ போட எழுந்து போனாள்.

பால் கொதிக்கும்போது ஹாலிலிருந்து குரல் வந்தது. "ஷஹனா, இங்க பாரேன். தோட்டம் முழுக்க திராட்ச, இவன் கடையில வாங்கித் திங்கிறான்."

அவள் அடுப்படியிலிருந்து, "அது ஹைபிரிட்டா இருக்கும் மச்சான், இனிப்பு வராது" என்றாள்.

அவன் பலமாகச் சிரித்தான். வந்து இருபது நாளில் முதல் சிரிப்பு. "தங்கச்சி வந்துட்டா, தெரியுமா? அதே மூஞ்சி, முடி மட்டும் வேற."

"காசு மிச்சம் பண்ணியிருக்கான்."

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் பேசிக்கொண்டே போனான். கேரளாக்காரர் ஊருக்குப் போய்விட்டதைச் சொன்னான். மேஸ்திரிக்கு மூன்றாவது பெண் பிறந்ததைச் சொன்னான். டீ கொதித்து அடங்கி, ஆடை படிந்தது. ஷஹனாஸ் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனால் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. படம் முடியும்வரை அவள் போகவில்லை. அவனும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே நடந்தது. இந்த முறை அவள் வெங்காயம் உரித்தாள். ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டியதைவிட அதிகமாக உரித்தாள்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமையும் அவள் அடுப்படியில் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தாள். படத்தில் யாரோ ஒருத்தி கடற்கரையில் கடிதம் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஷஹனா."

"சொல்லுங்க மச்சான்."

"பத்தொம்பதாந்தேதி டிக்கெட் போட்டிருக்கு."

அவள் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள். "எப்ப போட்டீங்க?"

"வரும்போதே ரிட்டர்ன் போட்டுத்தான் வந்தேன். கேன்சல் பண்ணிக்கலாம்னு நெனச்சேன். பண்ணல."

அவனிடம் சொல்வதற்கென்று அவள் ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தவை இருந்தன. நௌஷீன் அடுத்த வருடம் பெரிய பள்ளிக்கூடம் போகப்போகிறாள். அவன் மாத்திரையைச் சரியாகப் போட அங்கே ஆள் இல்லை. அவன் உம்மாவுக்கு மூட்டு வலி. கணக்கில் ஒன்றிலிருந்து ஒன்றை நிறுவுவதுபோல அவற்றை வரிசையாக வைத்திருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள். ஹாலுக்கு எட்டுக் காலடிதான்; அவள் எழவில்லை.

"தம்பிக்கு என்ன சொல்றது?" என்றாள்.

"ஆசிக்கிட்ட நான் சொல்லிட்டேன். ஒண்ணும் கோச்சிக்கல." டிவியின் சத்தம் குறைந்தது. "கோவமா?"

"தெரியல."

"கட நல்ல கடதான். ஓட்டிடுவேன். ஆனா சாயங்காலம் வூட்டுக்கு வந்து உன் எதிர்ல உக்காந்து என்னா பேசுறதுன்னு எனக்குத் தெரியல ஷஹனா. அங்கேருந்தா பேச வருது. இங்க வந்து உன்னயப் பாத்தா, யாரு வூட்டுக்கோ வந்த மாதிரி இருக்குது. நீ அடுப்படிக்குப் போனாத்தான் எனக்கு மூச்சு வருது. அது தப்புன்னு எனக்குத் தெரியிது."

அவள் சுவரைப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர். அவன்தான் தன்னை விட்டுப் போகிறான் என்று நினைத்து அழுதிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் இரண்டு வாரமாகத் தேவையில்லாமல் வெங்காயம் உரித்தவள் அவள்தான்.

"எனக்குந்தான் மச்சான்" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுகிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. போனில் என்றால் மூச்சை வைத்துச் சொல்லிவிடுவாள்.

கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். அவன் அவசரமாக முகத்தைத் துடைத்தான். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான்.

"பேச வேணாம் மச்சான்" என்றாள். "இன்னும் பதினொரு நாள் இருக்குது. சும்மா இருப்போம்."

அவன் தலையாட்டினான். இருவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவன் தோளில் அவள் தோள் பட்டிருந்தது. எந்தப் பக்கமும் அது நகரவில்லை.