மடக்குக் கத்திக்கு எத்தனை காசு உயரம்

பிலோமினா அக்காவின் இடது கட்டைவிரலில் மூன்று தையல். அந்தக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவன் நான்.

தெங்கேராவில் பசார் சந்தை ஓரமாக எனக்கு ஒரு மேசை. முரட்டுக் கல் ஒன்று, நைஸ் கல் ஒன்று, தண்ணீர் வாளி. அதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பத்தொன்பது வருடம் பால்மரம் சீவினேன். பட்டை சீவும் உளியைத் தீட்டித்தான் இந்தக் கை பழகியது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள், கோணம் எப்படி எடுப்பது என்று கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

கோணம் பார்க்க என்னிடம் கருவி இல்லை. கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகுக்குக் கீழே இருபது சென் காசுகளை அடுக்குவேன். அந்தச் சாய்வு கைக்குப் பிடிபட்டதும் காசை எடுத்துவிடுவேன். இரண்டு சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு இரண்டு காசு என்றால் பத்து டிகிரி, மூன்று என்றால் பதினைந்து, நான்கு என்றால் இருபது. காசு குறைந்தால் கத்தியின் வாய் மெலியும், லேசாக வெட்டும், சீக்கிரம் மடங்கும். இது எனக்கு அன்றும் தெரியும்.

1. இரண்டு காசு

அக்கா இருப்பது தங்கா பத்து என்ற ஊரில். சர்ச்சுக்கும் சாவு வீடுகளுக்கும் மலர்வளையம் கட்டிக் கொடுப்பவர். ஸ்ட்ரோக் வந்த பிறகு வலது கையில் பிடி இருக்கிறது, பலம் இல்லை. கத்தரிக்கோலை அமுக்க விரல் வராது. அந்தத் தொழிலுக்கு மிச்சம் இருந்தது ஒரு மடக்குக் கத்திதான். கடையில் வாங்கியது. வாய் தடிப்பு.

"தம்பி, இது வெட்டலைலா, நசுக்குது. அழுத்த எனக்கு எங்க தெம்பு?"

"மெலிசா எடுத்துத் தரேங்க்கா."

இரண்டு காசு வைத்தேன். உளிக்குப் பழகிய கை அதைத்தான் கேட்டது. முக்கால் மணி நேரம் தேய்த்தேன். முடித்ததும் என் கை முடியை வழித்துக் காட்டினேன்.

அக்கா சிரித்தார். "நீ இன்னும் தோட்டத்துலதான் இருக்க போல. பூ வெட்டத்தானே கேட்டேன், சவரம் பண்ணவா?"

நானும் சிரித்தேன். அந்தப் பேச்சைக் காதில் வாங்கியிருக்கலாம்.

2. மகள்

ஐந்தாம் நாள் அக்காவின் மகள் ஸ்டெல்லா வந்தாள். கத்தியை மேசையில் போட்டாள். தையலைப் பற்றி அவள்தான் சொன்னாள்.

"அங்கிள், இத மழுங்க அடிச்சிடுங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க. வெட்டலன்னா அவங்களே விட்டுடுவாங்க."

"விட்டுட்டு?"

"உக்காந்து டீவி பாக்கட்டும்லா. ஒரு கை போனது பத்தாதா?"

மழுங்க அடிப்பது சுலபம். சிமெண்டுத் தரையில் மூன்று இழுப்பு. கத்தியைக் கையில் எடுத்தேன். வாயை வெளிச்சத்தில் பிடித்தேன். நல்ல கூரில் வெளிச்சம் நிற்காது. இதில் நடுவில் வெள்ளைக் கோடு மின்னியது. நகத்தில் வைத்து இழுத்தேன், மாட்டியது. வாய் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது.

"இது ஏற்கெனவே மழுங்கித்தாம்மா இருக்கு. அதனாலதான் அழுத்தியிருக்காங்க. அழுத்தினதுல வழுக்கியிருக்கு. தப்பு என் மேல."

"மறுபடி தீட்டப் போறீங்களா?" அவள் குரல் ஏறியது.

"முதல்ல அவங்க வெட்டுறதப் பாக்கணும்."

3. கம்பி

மத்தியானம் கல்லை எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். அக்கா வாசலில் பூவோடு உட்கார்ந்திருந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் சேந்து வர்றீங்க? கத்திய அடக்கம் பண்ணவா?"

ஸ்டெல்லா தலை குனிந்துகொண்டாள். நான் ஒரு பூ வெட்டிக் காட்டச் சொன்னேன்.

அக்கா வளையத்தை மடியில் வைத்தார். காம்பைக் கட்டினார். நீட்டிக்கொண்டிருந்ததைக் கத்தியால் இழுத்து அறுத்தார். டிக் என்று ஒரு சத்தம். அடுத்த காம்பு, மறுபடி டிக். பூவுக்கு அடியில் கம்பி வளையம். ஒவ்வொரு வெட்டும் இரும்பில் போய் முடிகிறது. கத்தியோ மலிவான, மிருதுவான எஃகு. அதற்குப் பத்து டிகிரி வைத்திருக்கிறேன். பூ என்றதும் மிருதுவான பொருள் என்று நினைத்துவிட்டேன். கேட்கவில்லை.

முழுக்க நான்கு காசு வைத்தால் கம்பியைத் தாங்கும். ஆனால் அக்கா அழுத்த வேண்டிவரும். இரண்டு காசு மடங்கும். அங்கேயே உட்கார்ந்து, மடங்கிய வாய் போகும்வரை மூன்று காசில் தேய்த்தேன். போன இரும்பு திரும்பி வராது, கத்தி கொஞ்சம் ஒடுங்கியது. கடைசியில் நான்கு காசில் பக்கத்துக்கு ஐந்து இழுப்பு, அழுத்தாமல். உடம்பு மெலிசு, உதடு மட்டும் கெட்டி.

"குடுங்க." ஸ்டெல்லா முதலில் கை நீட்டினாள்.

ஒரு காம்பை அறுத்தாள். டிக். வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னும் ஒன்பது காம்பு அறுத்தாள். மறுபடி பார்த்தாள். கோடு இல்லை. கத்தியை மடக்கி அம்மா மடியில் வைத்தாள்.

"அழுத்தக் கூடாது, சரியா?"

"அழுத்த எனக்கு எங்கடி தெம்பு?" என்றார் அக்கா.

இப்போது யார் கத்தி கொண்டு வந்தாலும் காசை எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கிறேன். எதை வெட்டுறீங்க? அதுக்கு அடியில என்ன இருக்கு? சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அக்காவின் கத்தி மாதம் ஒருமுறை வருகிறது. ஸ்டெல்லாதான் கொண்டு வருகிறாள். நான்கு காசு, ஐந்து இழுப்பு.