பாட்டை எங்கே வெட்டுவது

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், சமூகவியல் பட்டம் பெற்ற கையோடு, லண்டன் வெம்பிளியில் சனிக்கிழமைகளில் நடந்த தமிழ்ப் பள்ளியொன்றில் கற்பித்துவந்தேன். ஆண்டு விழாவில் ஆடுவதற்குப் பிள்ளைகள் கொண்டுவரும் ஆங்கிலப் பாடல்களைக் கேட்டு, அவை மேடைக்கு உகந்தவையா என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பதினாறு வயது மாணவி ஒருத்தி ஒரு ராப் பாடலைக் கொண்டுவந்தாள். முற்பாதியில் பாடகன் போதைமருந்தின் சுகங்களை அடுக்குகிறான். பிற்பாதியில் அதே குரல் சிதைந்த வீட்டையும் இறந்த நண்பனையும் சொல்கிறது. முழுதாகக் கேட்டால் அது கண்டனமே என்று தீர்மானித்துச் சம்மதித்தேன். அவளுடைய அண்ணன் அப்போதுதான் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியிருந்தான். அவனுக்காகவே ஆடுவதாக அவள் சொன்னாள்.

ஒத்திகையில்தான் எனக்குப் பயம் பிடித்தது. பாடல் பாதியில் நின்றுவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் மேடை கிடைக்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பாட்டையும் மூன்று நிமிடத்தில் வெட்டுவது எங்கள் பள்ளியின் வழக்கம். எஞ்சியது புகழ்ச்சி மட்டுமே. பாட்டை முழுதாக விடும்படி பள்ளிச் செயலாளரிடம் முறையிட்டேன்.

"பிள்ளை, ஆடக் கிடைக்காத பிள்ளையின்ர அம்மாவுக்கு நீரோ மறுமொழி சொல்லப்போறீர்?" என்றார். வேண்டுமானால் முன்பகுதியை வெட்டலாம் என்றும் சொன்னார்.

இரண்டு வழியிலும் ஆபத்து இருந்தது. முற்பாதி மட்டும் ஒலித்தால் அவள் அண்ணனுக்குப் பழைய ஆசை மூளலாம். பிற்பாதி மட்டும் ஒலித்தால், அவன் கதை தெரிந்த மண்டபம் முழுவதும் அவனைத் திரும்பிப் பார்க்கும். அவன் மறுபடி விழுந்தால், அதில் என் சம்மதத்துக்கும் பங்கிருக்கும். தங்கையை அழைத்துப்போக வந்தவனைத் தனியே நிறுத்தி, இரண்டு வழிகளையும் தயங்கித் தயங்கி விளக்கினேன்.

அவன் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, பாடுறவன் புகழ்ந்தாலென்ன, திட்டினாலென்ன, எனக்கு ரெண்டிலயும் அந்த மணம்தான் வருது" என்றான். பிறகு, "அவளிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. ஆசையா ஆடுறாள்."

பாடல் பொருத்தமில்லை என்று நானே முடிவுசெய்ததாக அவளிடம் சொன்னேன். அவள் வேறொரு பாட்டைத் தேடிக்கொண்டாள். என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

விழாவன்று அவள் ஆடி முடித்ததும் சின்னஞ்சிறு பிள்ளைகள் மேடையேறினார்கள். குடித்துத் தள்ளாடும் கதாநாயகனின் சினிமாப் பாட்டு. கையில் வெறும் பிளாஸ்டிக் போத்தல்களோடு அவர்கள் தள்ளாட, பெற்றோர் விசிலடித்துச் சிரித்தார்கள். தமிழ்ப் பாட்டைச் சோதிக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் அண்ணனுடைய நாற்காலியைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

வெளியே ஓடினேன். கார்களுக்கு நடுவே, ஜாக்கெட் பைகளுக்குள் கைகளை இறுக்கியபடி நின்றிருந்தான்.

"முடிஞ்சுதோ?" என்றான்.

"இன்னும் இல்லை" என்றேன். அவன் தலையாட்டினான். பாட்டு முடியும்வரை நானும் அங்கேயே நின்றேன்.