அப்பா மூன்று முறை ‘பாஸ்’ கொடுத்த காலை

போன வருஷம் சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. பெரம்பலூரில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், ஒரு கையில் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தேன். போனில், இங்கிலீஷ் எழுத்துகளை அடுக்கி வார்த்தை சேர்க்கும் விளையாட்டு. எதிரே ஆடியவர் வரதராஜன்பேட்டையில் இருந்த என் அப்பா.

அப்பா ஓய்வுபெற்ற இங்கிலீஷ் ஆசிரியர். அம்மா இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். நான் வேறு மதத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. போன் செய்தாலும் எடுக்க மாட்டார். அப்படியே இரண்டு வருடம் ஓடியது. நடுவில் ஒருநாள் அவரிடமிருந்து இந்த விளையாட்டுக்கு அழைப்பு மட்டும் வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு ஆட்டம். ‘நல்லா இருக்கியா’ என்றுகூட இருவரும் எழுதியதில்லை. வார்த்தைகளை வைப்போம், போய்விடுவோம்.

அன்றுவரை நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. கையில் Q வந்தால் எல்லோரும் U-வைத் தேடுவார்கள். அப்பா தேட மாட்டார். U இல்லாமல் Q வரும் வார்த்தைகளை அர்த்தத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்து, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே என்னையும் மனப்பாடம் செய்ய வைத்தவர் அவர். QI என்றால் சீனர்கள் சொல்லும் உயிர்ச் சக்தி. QAT, வாயில் போட்டு மெல்லும் ஒரு இலை. QADI, இஸ்லாமிய நீதிபதி. FAQIR, நம் பக்கிரிதான்.

அன்று அவர் CAT, THE என்று ஒன்றாம் வகுப்பு வார்த்தைகளாக வைத்துக்கொண்டே வந்தார். கடைசி மூன்று முறை எதையும் வைக்காமல் ‘பாஸ்’ கொடுத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன்! ஓடிப்போய் கணவரிடம் போனை நீட்டி, “உங்க மாமனாரைத் தோக்கடிச்சுட்டேன், பாருங்க” என்று குதித்தேன்.

தோசை ஊற்றும்போது அந்த ஒன்றாம் வகுப்பு வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. மறுபடி போனை எடுத்துப் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் கையில் மிச்சமிருக்கும் எழுத்துகளைக் காட்டும். Q-வும் I-யும் அவர் கையிலேயே இருந்தன. பலகையில் வைக்க இடமும் இருந்தது. அப்பாவா இதை விட்டார்?

போன் செய்தேன். எடுக்கவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை.

“மாமா என்னைக்கு உன் போனை எடுத்திருக்காரு?” என்றார் கணவர். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். அடுப்பில் தோசை கருகியது. கடைசியில் அப்பாவின் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்தேன். முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தவர், அங்கிருந்தே எட்டிப் பார்த்துச் சொன்னார்.

“சார் நல்லாத்தாம்மா இருக்காரு. வாசல்ல சேர்ல உக்காந்து போனைப் பாத்துக்கிட்டு இருக்காரு.”

“அக்கா, கிட்டப் போயி ஏதாச்சும் பேச வைங்கக்கா.”

“உங்கப்பா என்னைக்கும்மா பேசிருக்காரு?” என்று சிரித்தபடியே நடந்தார். “சார், தண்ணி வேணுமா?” என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. பதில் இல்லை. பிறகு அக்காவின் குரலே மாறிவிட்டது. “சிரிக்கிறாரும்மா... ஐயோ, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கு!”

“நூத்தியெட்டைக் கூப்பிடுங்கக்கா, அரியலூருக்குக் கொண்டாந்துடுங்க” என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. நான் செருப்பைத் தேடி முடிப்பதற்குள் கணவர் பைக்கைக் கிளப்பியிருந்தார். அரியலூர் சாலையில் சிமெண்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தாண்டினால் அடுத்தது. கண்ணெல்லாம் புழுதி. அவர் தோளில் என் நகம் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது.

நாங்கள்தான் ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்தோம். சைரன் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். யார் யாரையோ இறக்கினார்கள். நாலாவது வண்டியில் அப்பா வந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது அவருடைய இடது கை என் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. ஆள் தெரிந்து பிடித்தாரா, கைக்குக் கிடைத்ததைப் பிடித்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

“மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. நேரத்தோட கொண்டாந்துட்டீங்க. இன்னும் லேட்டாயிருந்தா கஷ்டம்” என்றார் டாக்டர். நான் குதித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தை நினைத்து, வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். பேச்சு திரும்ப மாதக்கணக்கில் ஆனது. முதலில் தமிழ் வந்தது, இங்கிலீஷ் மெதுவாகத்தான் வந்தது. வலது கை இன்னும் கொஞ்சம் சோர்வுதான்.

இப்போது தினமும் போனில் பேசுகிறோம். பாதி நாள் சண்டையில்தான் முடிகிறது. கல்யாண விஷயத்தில் அவர் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை. கோபம் தீரட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு வருடத்தை வீணாக்கியவள் நான். கோபத்தை வைத்துக்கொண்டேகூட பேசலாம் என்பது, அவரால் பேச முடியாமல் போன அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.