மறியற்சாலை

பிழையான ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்தவள் பிழை செய்தவளா? காரைக்காலில் ரீட்டாவைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லி வாதாடியிருக்கிறார்கள். பாவம், நல்ல பெண்பிள்ளை என்று பரிந்தவர்கள் உண்டு. திமிர் பிடித்தவள், நன்றாக வேண்டும் என்றவர்களும் உண்டு. ரீட்டா அந்த வாதத்தில் கலந்துகொள்ளவே இல்லை.

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளுக்கு மொழிபெயர்ப்பு அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் ஒரே அறை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், மாதா படம் போட்ட காலண்டர். பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் தெரிந்தவள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களுக்கான சொல்தா பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்குப் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகளை மொழிபெயர்த்துத் தருவாள். பழைய ஆட்கள் அவற்றை இன்னமும் பிரெஞ்சில் "எத்தா சிவில் பேப்பர்" என்றுதான் கேட்டு வருவார்கள். அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரை அவள் மேசையில் இருந்தது. அந்த முத்திரை விழாத தாள் வெறும் தாள்.

வேலையில் கறாரானவள், பேச்சில் அதைவிட. பிரெஞ்சுக் குடியுரிமையைப் பற்றி யாராவது பெருமையடித்தால் விடமாட்டாள். "உங்க தாத்தா ஒரு கையெழுத்துப் போட்டாரு, உங்களுக்கு ஒரு நாடு கெடைச்சுது. நீங்க என்னமோ நீந்திப் போயிப் புடிச்சாந்த மாதிரி பேசுறீங்க" என்பாள். வாடிக்கையாளர் சிரிப்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

ஒரு மாசி மாதக் காலையில், காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது, இலங்கையிலிருந்து வந்த படகு ஒன்று ஒரு குடும்பத்தை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று. நிரோஜன், அவன் மனைவி தர்சிகா, இன்னும் பேச்சுத் திருந்தாத ஒரு பெண் குழந்தை. ஏலத்தில் நின்றவர்கள் அவர்களைக் கரையேற்றி, டீ வாங்கிக் கொடுத்து, குழந்தைக்கு உலர்ந்த சட்டை போட்டுவிட்டு, போலீசுக்குச் சொன்னார்கள். மனிதர்கள் செய்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அரசு செய்தது.

எல்லையோர வாஞ்சூரைத் தாண்டி, கொஞ்சம் தெற்கே ஒதுங்கியிருந்தால் தமிழ்நாடு. அங்கே இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய அலுவலகங்கள் உண்டு. காரைக்கால் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது. கோப்பு தில்லிக்குப் போக வேண்டும் என்றார்கள். தில்லிக்குத் தமிழ் தெரியாது. அதனால் நிரோஜனின் வாக்குமூலம் ரீட்டாவின் மேசைக்கு வந்தது. "ஊரில் இருந்தபோது நீண்ட காலம் சாலை மறியலில் இருந்துள்ளேன். மறுபடியும் பிடிப்பார்கள் என்று பயந்து தப்பி வந்தோம்" என்று அதில் இருந்தது. சாலை மறியலுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லோ அதைப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினாள்.

தில்லியில் அதைப் படித்தவர்கள் ஒரு கலகக்காரனைக் கண்டுபிடித்தார்கள். நிரோஜனைப் பிரித்துத் தமிழ்நாட்டில் ஒரு சிறப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் காரைக்காலிலேயே மகளிர் காப்பகத்தில் வைக்கப்பட்டார்கள். சிறப்பு முகாம் என்று பெயர் வைத்தவர் யாரோ, வெட்கமில்லாதவர். உயர்ந்த மதில், முள்கம்பி, வாசலில் துப்பாக்கி. ஆனால் உள்ளே இருப்பவன் கைதி இல்லை. கைதி இல்லாததால் அவனுக்குத் தண்டனை இல்லை. தண்டனை இல்லாததால் அது முடியும் நாளும் இல்லை. கொலை செய்தவன்கூடத் தன் விடுதலை நாளைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். உயிர் பிழைக்கக் கடல் தாண்டியவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மாதா கோயில் பெண்களோடு துணிமணி கொடுக்கக் காப்பகத்துக்குப் போனபோதுதான் ரீட்டா தர்சிகாவை முதன்முதலாகப் பார்த்தாள். பேச்சுக்குக் கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரரு ஊர்ல ஏதும் கட்சியில இருந்தாரா? மறியல்லாம் பண்ணாராமே?"

தர்சிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மறியல் பண்ணுறதோ? அத ஆர் அக்கா பண்ணுவினம்? அவர் மறியல்ல இருந்தவர். மறியற்சாலையில."

"மறியற்சாலைன்னா?"

"ஜெயில். நீங்க அத என்னண்டு சொல்லுறனீங்கள்? வழக்குமில்ல ஒண்டுமில்ல, பிடிச்சுக்கொண்டு போய் மறியல்ல போட்டவங்கள். அதுக்குப் பயந்துதான இஞ்ச வந்தனாங்கள். இப்ப இஞ்சயும் மறியல்லதான் இருக்கிறார்."

ரீட்டா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். சிறையில் கிடந்தவன் என்று எழுதியிருந்தால் அவன் அகதி. சாலையை மறித்தவன் என்று எழுதியதால் ஆபத்தானவன். சொல் ஒன்றுதான். கடலுக்கு அந்தப் பக்கம் அது ஒருவனைப் பூட்டி வைப்பது. இந்தப் பக்கம் ஒருவன் வழியில் உட்கார்ந்துகொள்வது. நடுவில் இருந்த தண்ணீரை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனாள். வாக்குமூலத்தை எழுதியவர் ரைட்டர் புகழேந்தி. ஓய்வு பெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், யாரிடமும் கோபப்படாதவர்.

"ரைட்டர் சார், அந்தப் பையன் சாலை மறியல்னா சொன்னான்?"

"வாங்க ரீட்டாம்மா, உக்காருங்க. அவன் மறியற்சாலை மறியற்சாலைன்னான். உப்புத் தண்ணியில கெடந்து வந்தவன், வார்த்தைய முன்னுக்குப் பின்ன மாத்திப் போட்டு ஒளர்றான்னு நான்தான் திருத்தி எழுதுனேன். தமிழ் பி.ஏ.ங்க நானு."

"என்ன அர்த்தம்னு கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. சாலை மறியல்தானப்பான்னு கேட்டேன். ஓம் ஓம்னு தலையாட்டுனான்."

"போலீஸ் ஸ்டேஷன்ல ஈரத் துணியோட நிக்கிறவன் வேற என்னங்க சொல்லுவான்? நீ யானையான்னு கேட்டிருந்தாலும் ஓம்னுதான் சொல்லியிருப்பான்!"

பக்கத்து மேசைக் காவலர் சிரித்தார். புகழேந்தியும் பாதி சிரித்தார். அர்த்தத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

"இப்ப நீங்க சொன்னத எழுதிக் குடுங்க" என்றாள்.

"போற காலத்துல மெமோ வாங்கச் சொல்றீங்களாம்மா? பென்ஷன் பேப்பர் போயிருக்கு. என்னைய விட்டுடுங்க."

மேலதிகாரி இன்னும் மரியாதையாகப் பேசினார். நாற்காலி போட்டார், மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார்.

"மேடம், தமிழ் வாக்குமூலத்துல கை வைக்க முடியாது. படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கியாச்சு. மேல படிக்கிறது இங்கிலீஷ்தான். மொழிபெயர்ப்புல நீங்க தப்பாப் போட்டுட்டதா ஒரு வரி எழுதிக் குடுங்க. சீக்கிரமே முடிச்சிடலாம்."

"நான் தப்பாப் போடலியே."

"அது எனக்கும் தெரியுது."

"தெரிஞ்சேதான் கேக்குறீங்களா?"

"ஃபைல் நகரணும்னா யாராவது ஒருத்தர் தப்புப் பண்ணியிருக்கணுங்க. டிபார்ட்மென்ட் பண்ணியிருக்க முடியாதுல்ல?"

கேலியாகச் சொல்லவில்லை அவர். மழை மேலிருந்து விழும் என்பதைப் போலச் சொன்னார். ரீட்டாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "இங்கிலீஷ மட்டும் மாத்துனா இவன் ஒருத்தன் வருவான் சார். அடுத்த படகுல வர்றவனும் மறியல்னுதான் சொல்லுவான். அவனையும் சாலையில உக்கார வச்சுத்தான் எழுதுவீங்க. அவனுக்காகப் பொய் சொல்ல ஆளுக்கு எங்க போவீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மனு எழுதினாள். காரைக்கால் அதைப் புதுச்சேரிக்கு அனுப்பியது. ஆள் இருக்கும் முகாம் தமிழ்நாட்டில் என்று புதுச்சேரி அங்கே தள்ளியது. வாக்குமூலம் வாங்கியது நாங்கள் இல்லையே என்று தமிழ்நாடு திருப்பியது. தில்லி பதிலே போடவில்லை. மழைக்காலம் வந்து அரசலாற்றில் தண்ணீர் ஏறி இறங்கிற்று. எந்த அலுவலகத்திலும் யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் "உக்காருங்க மேடம்" என்றார்கள். கொடுமை செய்கிறவன் குரலை உயர்த்துவான் என்று நினைத்திருந்த காலம் ஒன்று உண்டே என்று தன்னையே கடிந்துகொண்டாள். இங்கே எல்லோரும் நல்லவர்களாக இருந்தார்கள். ஒருவன் மட்டும் உள்ளே இருந்தான்.

காப்பகத்தில் குழந்தை இப்போது காரைக்கால் பேச்சுப் பேச ஆரம்பித்திருந்தது. அப்பா தொலைபேசியில் வந்தால் "யாருங்க?" என்று கேட்டது. அதைச் சொன்ன அன்று தர்சிகா சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க ஒரு பொய் எழுதிக் குடுத்தா அவர விடுவினமெண்டு அந்த சேர் சொன்னவராம். உண்மையோ?"

"ஆமா."

"அப்ப ஏன் எழுதேல்ல?"

ரீட்டா அடுத்த படகைப் பற்றிச் சொன்னாள். வார்த்தையைத் திருத்தாமல் ஆளை மட்டும் மீட்டால் அது எதற்கும் ஆகாது என்றாள். நன்றாகத்தான் சொன்னாள். தர்சிகா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"அடுத்த ஆள எனக்குத் தெரியாதக்கா. என்ட மனுசனத்தான் தெரியும். நாங்க உண்மைய மட்டும்தான் சொன்னனாங்கள். அதாலதான் இப்பிடி இருக்கிறம்."

மறுநாள் ரீட்டா அதிகாரியின் எதிரில் உட்கார்ந்தாள். மொழிபெயர்ப்பில் கவனக்குறைவால் தவறு நேர்ந்துவிட்டது என்று அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். 'கவனக்குறைவு' என்பதில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. "இதையாவது சரியா அடிங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். மறுபடி அடித்து வந்ததும் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பின் கோப்பு ஓடியது. இத்தனை மாதம் எந்தக் காலும் இல்லாமல் கிடந்த கோப்பு அது. நிரோஜன் வெளியே வந்தான். வெளியே என்றால் மனைவி பிள்ளையோடு இன்னொரு முகாம். அங்கே மாலையில் பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். ஆனால் குழந்தை இப்போது யாரென்று கேட்க வேண்டியதில்லை. அதைப் பெரிய நன்மை என்று கொண்டாட ஒன்றுமில்லை. எடுத்த பொருளைப் பாதி திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

தவறை ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பாளரின் பெயர் அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. முத்திரையை ஒரு காவலர் வந்து வாங்கிப் போனார். பென்ஷன் குடும்பங்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டன. "எத்தன பேரு பேப்பர்ல இந்த மாதிரி தப்பு இருக்கோ" என்று அவள் காதில் விழும்படியே ஒருவர் சொன்னார். ரீட்டா பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டியூஷன் எடுக்க ஆரம்பித்தாள். ஒற்றெழுத்துக்காகத் தாளைக் கிழிப்பவள் தவறு செய்தேன் என்று ஒப்புக்கொண்டதை அவள் தம்பிகூட நம்பவில்லை. பாரிசிலிருந்து கூப்பிட்டுச் சண்டை போட்டான்.

ஓய்வு பெற்ற பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவள் வீடு திரும்பிய நேரத்துக்குப் புகழேந்தி வந்தார். காக்கிச் சட்டை இல்லாமல் சின்ன உருவமாகத் தெரிந்தார். கையில் ஒரு உறை.

"ரீட்டாம்மா, பென்ஷன் ஆர்டர் வந்துடுச்சு. இனிமே எனக்கு மெமோ குடுக்க ஆளில்ல. அந்தப் பையன் சொன்னது மறியற்சாலை, நான்தான் மாத்துனேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாந்திருக்கேன். வக்கீலக் கேட்டுட்டேன், அவங்க குடும்பத்துக்கு இதனால ஒரு தொந்தரவும் வராதாம். உங்க பேரு திரும்பப் பட்டியல்ல ஏறிடும். அடுத்தாப்ல வர்றவங்களுக்கும் அந்த வார்த்தைய சரியா எழுதுவாங்க. நீங்க அன்னிக்குக் கத்துனதும் அதுக்குத்தானே?"

அவள் கேட்டதெல்லாம் அந்த உறைக்குள் இருந்தது. ஊர் ஊராக மனுவோடு அலைந்தும் கிடைக்காதது, வீட்டு வாசலுக்கே வந்து நின்றது.

ரீட்டா அதைக் கையில் வாங்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"ஏம்மா? நான் மனசாரத்தான்..."

"தெரியுதுங்க. அவன் உள்ள கெடந்தப்ப வராத உண்மை, மெமோ பயம் போனப்புறம் எனக்கு வேணாம். எடுத்துட்டுப் போங்க."

குரலில் கோபம் இருந்ததா என்று பின்னாளில் பலர் அவரிடம் கேட்டார்கள். சொல்லத் தெரியவில்லை என்றார். உறையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தவரை அவள் கூப்பிட்டு, அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.