டொராண்டோவிலிருந்து சிதம்பரம் எத்தனை மணி நேரம்?

விமானப் பயணச்சீட்டு எடுத்துத் தருபவனிடம் கேள்வி கேட்பவர்கள் எல்லோரும் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். வெளிநாட்டு உறவினருக்காகக் காத்திருந்து நொந்த அன்பர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கொக்கின் வழி

சிதம்பரத்தில் என் அலுவலகத்துக்கு வந்த பஷீர் பாய், தங்கை மகளின் நிக்காஹ்வை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு என்று முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளைக்கு டொராண்டோவில் வேலை. பெண்ணின் தகப்பனார் சவூதியில் ஓட்டுநர், விடுப்பில் வந்திருந்தார். அன்றிரவே சென்னையில் விமானம் ஏறாவிட்டால் வேலை போய்விடும். மகளைத் தம் கையால் ஒப்புக்கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை.

பாய் கைப்பேசியை நீட்டினார். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் ஒரு நேர்க்கோடு, அதன்கீழ் மணிக்கணக்கு. அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை என்றேன். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் எதிரே தெரியும் கரைக்குக் கொக்கு நேராகப் பறக்கும். படகு மரங்களைச் சுற்றித்தான் போகும். நாம் படகில் போகிறவர்கள் அல்லவா? மாப்பிள்ளையை ஒரு நாள் முன்னதாக வரச்சொல்லுங்கள் என்று மன்றாடினேன்.

“போன்லயே போட்ருக்கு சார், நீங்க ஏன் ஜாஸ்தி பண்ணிச் சொல்றீங்க?”

காத்திருக்க மறுத்தவர்கள்

நான் எடுத்துத் தந்த சீட்டில், வழியில் விமானம் மாறத் தாராளமாக நேரம் இருந்தது. அது வீண் என்று பாயும் மாப்பிள்ளையும் கூடிப் பேசி, ஓடிப்போய் ஏறும்படியான வேறொன்றுக்கு மாற்றிக்கொண்டார்கள். காத்திருப்பதும் பயணத்தின் பகுதியே என்று உணராத இந்த மனப்பான்மையை என்னென்பது! முதல் விமானம் தாமதமானது, இரண்டாவது காத்திருக்கவில்லை. வெள்ளி காலையில் செய்தி வந்தது: மாப்பிள்ளை மாலையில்தான் சென்னையில் இறங்குவார். கடலூர் நெரிசலையும் தாண்டி அவர் சிதம்பரம் வந்து சேருமுன் பெண்ணின் தகப்பனார் வானத்தில் இருப்பார்.

மண்டபத்தில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. பாய் என்னிடம் கேட்டார்:

“பைலட்டுகிட்ட கொஞ்சம் வேகமா ஓட்டச் சொல்ல முடியாதா சார்?”

மீனம்பாக்கத்தில்

வழி கண்டவர் தகப்பனார்தான். நிக்காஹ்வில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுப்பவர் அவர். பெண் அந்தச் சபையில் உட்காரும் வழக்கமில்லை, சம்மதத்தை வீட்டிலேயே கேட்டு வருவார்கள். “எம் பொண்ணுகிட்ட இங்கியே சம்மதம் கேட்டுடுங்க. நான் எப்புடியும் ஏர்போர்ட்டுக்குத்தான போறேன்” என்றார்.

நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத், சாட்சிகள், பாய், நான் என்று எல்லோரும் வேனில் அவரோடு போனோம். விமான நிலையத்துக்கு அருகே ஒரு பள்ளிவாசலில், கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்த மருமகனின் கையை அந்த மனிதர் பற்றினார். துஆ ஓதி முடிந்து மற்றவர்கள் எழுந்த பின்னும் அவர் விடவில்லை. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். மகளையும் மருமகனையும் சேர்த்து ஒருமுறைகூடப் பாராமல் போனாரே என்று எனக்குக் கொதித்தது. இப்போதாவது புரிகிறதா என்று பாயிடம் கேட்டேவிட்டேன்.

“நான் சொன்னது தப்பில்லியே சார். ப்ளைட்டு ஒழுங்காத்தான் வந்துச்சு, சிதம்பரம்தான் ரொம்ப தூரத்துல கெடக்கு.”

ஆகவே அன்பர்களே, உலகத்தின் மறுகோடியில் இருப்பவரை எப்படியும் வரவழைத்துவிடலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவரை அவர் எண்ணத்திலிருந்து ஓரடி நகர்த்தத்தான் இன்னும் விமானம் விடவில்லை.