கிண்ணத்தில் வந்த சீனி

எங்கள் பிளாட்டில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து கறியோ கூட்டோ கிண்ணத்தில் வந்தால், கிண்ணத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம். அடியில் ஒரு பிடி சீனி போட்டுத்தான் கொடுப்போம். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோதும் அப்படித்தான். தோட்டத்தை விற்று எங்களை சிகாமட் டவுன் பக்கம் அனுப்பியபோது, சாமி படத்தோடும் அம்மிக்கல்லோடும் இந்தப் பழக்கமும் லோரி ஏறி வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டியவர். மழையில் சேறாகிக் கிடக்கும் தோட்டத்து ரோட்டில் தனியாளாகப் போய் வருவார். பாம்பைக் கண்டு பயந்தவரில்லை. ஆனால் ஊசி என்றால் முகம் வெளுத்துவிடும். அவருடைய அண்ணனுக்கு இனிப்பு நீர் வியாதி இருந்தது. முதலில் ஊசி போட ஆரம்பித்தார்கள். பிறகு விரலை எடுத்தார்கள். பிறகு காலை எடுத்தார்கள். வியாதி முற்றிப்போன பிறகுதான் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே போனார் என்பது வேறு. இவர் மனதில் பதிந்தது ஊசி மட்டும்தான். ஊசி வந்தால் அடுத்தது கால்.

இவருக்கும் அதே வியாதிதான். போன வருடம் கிளினிக்கில் டாக்டர் இவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "மாத்திரை பத்தல. அடுத்த தடவ வரும்போது கொறையலன்னா இன்சுலின் ஊசிதான், அங்கிள்" என்று சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து இவர் சோறு கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு பாதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்றபடி அதைப் பார்த்தேன். எனக்கு எப்போதுமே பேச்சு வராது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தேன். அங்கேயும் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கிளினிக் மிஸி எங்கள் பிளாட்டின் கீழே உள்ள மண்டபத்தில் சமையல் வகுப்பு ஆரம்பித்தார். நர்ஸை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். மலாய்க்காரப் பெண். மலாயில் பேசுவார், சிரித்துச் சிரித்துப் பேசுவார். சனிக்கிழமை காலையில் இரண்டு அடுப்பை வைத்து, வீட்டில் இருப்பதைக் கொண்டே உடம்புக்கு ஆகிற மாதிரி சமைப்பது எப்படி என்று காட்டுவார். விலை கூடின சாமான் ஒன்றும் வேண்டாம், பசாரில் கிடைப்பதும் பிளாட்டுக்குப் பின்னால் முளைப்பதும் போதும் என்பார். எதிர்வீட்டுப் பெண் பேக்டரியில் வேலை செய்கிறவள், அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க வாயே தொறக்க வேணாம் ஆன்ட்டி. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க. அங்கிளுக்காக வாங்க லா."

போனேன். காற்றாடிக்குக் கீழே, கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கெம்போங் மீனைத் தேங்காய்ப்பால் இல்லாமல் புளிக்கறி வைப்பது, சோயா மொச்சையில் செய்த தெம்பேயைத் துண்டு போட்டு சாம்பாரில் விடுவது, வல்லாரையைப் பச்சையாக அரிந்து வெங்காயத்தோடு பிசைவது, எல்லாம் பார்த்தேன். தட்டில் பாதிக்குக் காய் கீரை, கால்வாசி மீன், கால்வாசி மட்டும் சோறு என்று மிஸி ஒரு தட்டில் கரண்டியால் கோடு போட்டுக் காட்டினார்.

வீட்டில் அதே மாதிரி வைத்துக் கொடுத்தேன். இவர் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னா இது, எனக்கு நெரை புடிச்சிக் குடுக்கறியா? இந்தக் கோட்டத் தாண்டுனா கங்காணி திட்டுவானா?" தோட்டத்தில் ஆளுக்கு ஒரு மர வரிசை என்று கங்காணி பிரித்துக் கொடுப்பதுதான் நெரை.

"சாப்பிடுங்க."

"சோறு எங்க?"

"அதோ இருக்கே."

"அது சோறா? கோழிக்கு எறைக்கிறதுன்னு நெனச்சேன்."

ஆனாலும் சாப்பிட்டார். அதைச் சொல்ல வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டார். பயம் அவ்வளவு இருந்தது.

வகுப்பில் மிஸி ஒரு வேலை கொடுத்திருந்தார். கற்றுக்கொண்டதை வீட்டில் சமைத்து, வகுப்புக்கு வருகிற மற்றவர்களுக்கு ஒரு கிண்ணம் அனுப்ப வேண்டும். ருசி எப்படி என்று அடுத்த வாரம் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒரு வீட்டுக்கு அனுப்பினால் நான் எல்லா வீட்டுக்கும் அனுப்பினேன். பேச வராத எனக்குக் கிண்ணம் கொடுக்க வரும். மாடிப்படி ஏறி இறங்கி, கதவைத் தட்டி, கிண்ணத்தை நீட்டிவிட்டு ஒரு சிரிப்போடு வந்துவிடலாம். "ஒங்க புளிக்கறி நல்லாருந்திச்சி" என்று யாராவது சொன்னால் அன்று முழுவதும் எனக்கு அது போதும்.

வீட்டில் சீனி வாங்குவதை நான் நிறுத்தியிருந்தேன். சீனி டப்பாவையே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கெட்டிப்பால் டின்னும் கிடையாது. ஆனால் மகள் வாங்கிக் கொடுத்த சின்ன மெஷினில் காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் கணக்கு இறங்கவே இல்லை. அந்தச் சின்னக் குத்துக்கே இவர் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நான்தான் குத்துவேன், நான்தான் பார்ப்பேன். "எவ்ளோ?" என்று கேட்பார். "கொஞ்சம் இருக்கு" என்பேன்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கடையில போயி பாலு சீனி போட்டு தே தாரேக் குடிக்கிறீங்களா?"

"சத்தியமா இல்ல. வேணும்னா கடக்காரன போயிக் கேளு."

நான் போய்க் கேட்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் சத்தியம் செய்தபோது கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். பொய்யாகத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் கரண்டு போய்விட்டது. வகுப்பு பாதியில் முடிந்து வீட்டுக்கு வந்தேன். இவர் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கோப்பிக் கோப்பை. இன்னொரு கையில் பழைய பிஸ்கட் டின். கிண்ணங்களில் வந்த சீனியை நான் அந்த டின்னில்தான் கொட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். கொடுத்ததைக் குப்பையில் போட எனக்குக் கை வராது. கோயில் பொங்கலுக்கு ஆகும் என்று நினைத்திருந்தேன்.

"என்னாங்க இது?"

இவர் திருதிருவென்று விழித்தார். பிறகு சொன்னார்: "கடையில குடிக்கலன்னுதானே சொன்னேன். வீட்டுல குடிக்கலன்னு எப்ப சொன்னேன்?"

"சீனி வேணான்னுதான வாங்காம வச்சிருக்கேன்?"

"இது வாங்குன சீனி இல்ல. வந்த சீனி. வாசலத் தேடி வர்றத வேணாங்கலாமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. டின்னை வாங்கிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் மிச்சம். நான் கிண்ணம் கிண்ணமாகப் புளிக்கறி அனுப்பியதும், அது பிடி பிடியாகச் சீனியாகத் திரும்பி வந்ததும் அப்போதுதான் உறைத்தது. இவரைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கற்றுக்கொண்ட சமையல்தான் இவர் கோப்பிக்குச் சீனி கொண்டு வந்து கொடுத்திருக்கிறது.

டின்னை ஒளித்து வைக்கலாம். இவர் தேடி எடுத்துவிடுவார். கிண்ணம் அனுப்புவதை நிறுத்தலாம். அனுப்பாவிட்டால் எனக்கு அந்தப் பெண்களோடு என்ன இருக்கிறது? சீனி போடாதீர்கள் என்று சொல்லலாம். அதைச் சொல்வதுதான் எனக்கு மலையாக இருந்தது. ஒருவர் நல்ல மனதோடு போட்டுக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதுவும் நான்.

அடுத்த வகுப்பில் மிஸி வழக்கம்போல், "வீட்டில் செய்து பார்த்ததில் யாருக்காவது சிரமம் உண்டா?" என்று மலாயில் கேட்டார். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குச் சீனி குடுக்காதீங்க" என்றேன். "கிண்ணத்துல சீனி போடாதீங்க. அவரு எடுத்துக் குடிச்சிடறாரு. அடுத்த மாசம் டாக்டர்ட்ட போவணும். அவருக்கு ஊசின்னா பயம்."

மூன்றாம் மாடி அக்கா, கொஞ்சம் வாய் நீளமானவர், "அப்ப நாங்க குடுத்த சீனியிலதான் ஒங்க வீட்டுக்காரருக்கு ஏறிச்சா?" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

"ஏன்க்கா, அங்கிளு தேடிப் புடிச்சிக் குடிச்சதுக்கு ஆன்ட்டி என்னா பண்ணுவாங்க?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"அதுக்காக வெறுங்கிண்ணத்தயா குடுக்கறது? நல்லாவா இருக்கும்?"

"கறிவேப்பில போடுங்க. கீழ நீங்க வச்ச மரத்துலதான் காடாட்டம் கெடக்கே."

யாரோ சிரித்தார்கள். மிஸிக்கு என்ன பேச்சு என்று புரியவில்லை. எதிர்வீட்டுப் பெண் மலாயில் சொன்னதும், நெற்றியில் அடித்துக்கொண்டு, "அலமாக்! எங்கள் வீட்டிலும் கிண்ணத்தில் ஏதாவது இனிப்பு வைத்துத்தான் அனுப்புவோம். எனக்குக்கூடத் தோன்றவில்லையே" என்றார். அன்றே பேசி முடிவானது. இனிமேல் கிண்ணத்தில் இலைதான். முருங்கை, கறிவேப்பிலை, வல்லாரை, புதினா, எது யார் வீட்டில் முளைக்கிறதோ அது. மூன்றாம் மாடி அக்கா போகும்போது என் பக்கத்தில் வந்து, "நான் ஒன்னும் மனசுல வச்சிக் கேக்கல" என்றார். அன்று சாயங்காலமே முதல் கறிவேப்பிலைக் கொத்து அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

அந்தக் கிண்ணத்தை வாசலில் வாங்கியது இவர். ஆசையோடு மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்னா இது, எல?"

"ஆமா."

"நம்ம வீட்டுல ஆடு வளக்கறோம்னு சொன்னியா?"

மறுநாள் முருங்கைக்கீரை வந்தது. அதற்கடுத்து வல்லாரை. வேரோடு வந்த வல்லாரையை இவர்தான் பழைய பெயிண்டு டின்னில் நட்டு வராந்தாவில் வைத்தார். வேலை இல்லாத மனிதர், அதற்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு வேலையானது. எதிர்வீட்டுப் பூனை அதன் மேல் படுத்ததற்கு ஒரு நாள் முழுக்கத் திட்டினார். கறுப்புக் கோப்பியைச் சீனி இல்லாமல் குடிக்கும்போது மட்டும் மாத்திரையை விழுங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

டாக்டரைப் பார்க்கப் போன அன்று, முறை வரும் வரை இவர் என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியாது. நான் அசையவில்லை.

டாக்டர் தாளைப் பார்த்தார். பழைய தாளையும் எடுத்துப் பார்த்தார்.

"கொறஞ்சிருக்கு. இன்னும் கொறையணும். ஆனா இப்போதைக்கு ஊசி வேணாம், மாத்திரையே போதும்" என்றார். "என்னா பண்ணீங்க அங்கிள்?"

இவர் என்னைக் காட்டினார். "அவங்கள கேளுங்க டாக்டர். எலயக் குடுத்தே ஆளக் கொன்னுட்டாங்க."

வெளியே வந்ததும் கடையில் உட்கார்ந்தோம். "தே ஓ கோசோங் ஒன்னு" என்றார் இவர். பாலும் சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணி. கடைக்காரர், "கோசோங்கா? நெசமாவா அங்கிள்?" என்று இரண்டு தடவை கேட்டார். இவர் மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரல்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கிண்ணம் ஒன்று கழுவிக் காய்ந்து கிடந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பெயிண்டு டின்னில் குனிந்து, முற்றல் இலையை விலக்கி விலக்கி, இளசாகப் பார்த்து வல்லாரை கிள்ளிப் போட்டார். கிண்ணம் கொடுத்து வாங்குவதெல்லாம் எங்கள் பிளாட்டில் பெண்கள் வேலை. இவர் எதிர்க்கதவுக்கு முன்னால் போய் நின்றார். தட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"இந்தா, நீ வந்து குடு. நான் என்னான்னு சொல்றது?"

"ஒன்னும் சொல்ல வேணாம்" என்றேன். "நீட்டிட்டுச் சிரிங்க. போதும்."